புனேக்காரரின் எண்

ஜூன் 8, ஞாயிறு

ஏழாவது வீடும் இல்லை என்றாகிவிட்டது. கூடல்நகரில், தெருக்கோடியில் இருந்த மாடி வீடு. வீட்டம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். மோர் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் எப்போது வரும், குப்பை வண்டி எப்போது வரும் என்றெல்லாம் சொன்னார். பிறகு, "சார் எங்க வேலை பாக்குறாரு?" என்றார். பிரிந்து மூன்று வருடம் ஆகிறது என்றேன். டம்ளரை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மகன் பக்கத்து அறையில்தான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வீட்டில் பொய் சொல்லிப் பார்த்தேன், துபாயில் இருக்கிறார் என்று. அவர் லீவில் வரும்போது கூட்டி வாருங்கள், அவரிடம் பேசிவிட்டுச் சாவி தருகிறோம் என்றார்கள்.

அண்ணன் வீட்டில் நானும் இலக்கியாவும் இருக்கும் அறை அவருடைய மகனுக்குத் தேவைப்படுகிறது. ஆவணியில் கல்யாணம். அண்ணன் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதினிதான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். "உன்னையப் போகச் சொல்லல அரசி. போறதா இருந்தா ஆடிக்கு முன்னாடி போயிரு. ஆடி பொறந்துட்டா எவனும் வீடு மாற மாட்டான். ஆவணில கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் எப்ப அந்த ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க?"

அதில் கோபப்பட ஒன்றுமில்லை. நான் கோபப்படவும் இல்லை. வெங்காயத்தில் பாதியை வாங்கி உரித்தேன்.

ஜூன் 11, புதன்

கல்லூரி போகும் வழியில் டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "வீடு ஒத்திக்கு. இரண்டு படுக்கையறை. தவமணி." கீழே எண். மத்தியானம் பேசினேன். சாயங்காலமே காட்டினார்.

விளாங்குடியில் முதல் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் யாருடைய சுவரும் இல்லை, வெறும் மனை, அதில் இரண்டு ஆடுகள். இலக்கியா சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளே இருந்து, "அம்மா, நான் பேசுறது கேக்குதா?" என்றாள். கேட்கவில்லை என்று பொய் சொன்னேன். அவளுக்குப் பதினாறு வயது. இதுவரை சாத்திக்கொள்ள ஒரு கதவு இருந்ததில்லை.

ஒத்தி என்பதால் மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் இருந்துகொள்ளலாம். காலி செய்யும்போது அதே தொகை திரும்ப வரும். என் சம்பளத்துக்கு வாடகை வீடு கட்டாது. அப்பா போட்ட நகையை விற்றால் ஒத்தி கட்டும்.

தவமணிக்கு என் வயதுதான் இருக்கும், மீசை நரைக்கத் தொடங்கியிருக்கிறது. ஸ்கூட்டர் முன்பெட்டி நிறையச் சாவிகள். ஒவ்வொரு சாவியிலும் சின்ன அட்டை கட்டி, கதவு எண்ணும் தெருவும் எழுதியிருக்கிறார். நல்ல கையெழுத்து. வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர்களுக்காக அவர்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாராம். இத்தனை பேர் சாவியைக் கொடுத்து வைத்திருக்கும் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை பேருக்கா?"

"ரெண்டு பேரு. நானும் பொண்ணும்."

"சரிக்கா. தண்ணி ரெண்டு பேருக்குத் தாராளம்."

அவ்வளவுதான். படியிறங்கும்போது இன்னொரு கேள்வி வரும் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன். வரவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. தூசி என்று இலக்கியாவிடம் சொன்னேன்.

ஜூன் 14, சனி

நான் ஒன்றும் ஏமாளி இல்லை. கல்லூரி அலுவலகத்தில் பதினோரு வருடமாகச் சான்றிதழ் சரிபார்ப்பது என் வேலை. மதிப்பெண் பட்டியலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். தவமணியிடம் ஆவணங்கள் கேட்டேன். முகம் சுளிக்காமல் ஃபைலை நீட்டினார். பத்திரத்தின் நகல், வீட்டு வரி ரசீது, மின் அட்டை. எல்லாவற்றிலும் ஒரே பெயர், கணேசமூர்த்தி. வில்லங்கச் சான்றும் நானே இணையத்தில் போட்டு எடுத்துப் பார்த்தேன். கடன், வழக்கு எதுவும் இல்லை. வீடு சுத்தமான வீடு.

கணேசமூர்த்தி ஓய்வு பெற்றவர், புனேயில் மகனோடு இருக்கிறார். அவர் சார்பில் ஒத்திக்கு விட தவமணிக்கு அதிகாரம் கொடுத்த பத்திரம் எங்கே என்று கேட்டேன். இதைக் கேட்கத் தெரிந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அது ஓனர் கையில் இருக்கிறது என்றார்.

"நம்பர் தர்றேன்க்கா, நீங்களே பேசிக் கேட்டுக்கங்க. நல்ல மனுசன்தான். ஆனா பேச ஆரம்பிச்சா விடமாட்டாரு. வீட்டுக்காரர் யாரு, என்ன வேலை, ஏன் வரல, எல்லாம் கேப்பாரு. நான் குடும்பம்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். மத்தபடி உங்க இஷ்டம்."

எண்ணை அவரே சொல்ல, நான் பதிந்துகொண்டேன். "ஓனர் புனே" என்று.

ஜூன் 15, ஞாயிறு

தவமணி மூலம் ஆனையூரில் ஒத்திக்கு இருக்கும் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போனோம். ஜெசிந்தா என்று பெயர். தவமணி சொல்லித்தான் போனேன் என்றாலும், தனியாகத்தான் பேசினேன். ஒன்றே கால் வருடமாக இருக்கிறாராம். மோட்டார் பழுதானபோது தவமணியே ஆள் கூட்டி வந்து சரிசெய்தாராம். "தங்கமான மனுசங்க" என்றார். சொல்லிக் கொடுத்துப் பேசுகிறவராகத் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் இருக்கும்போதே இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தார். பொய் சொல்பவர்கள் நம் முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அவர் கிரைண்டரைப் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 16, திங்கள்

சேர்க்கை தொடங்கிவிட்டது. புனே எண் கைபேசியில் இருக்கிறது. இன்று வேலை அதிகம். நாளை பேசலாம்.

ஜூன் 18, புதன்

இலக்கியா கேட்டாள், "நான் பேசட்டுமா அந்த புனே தாத்தாகிட்ட?" வேண்டாம் என்றேன். அவளிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாள்? அவள் எதையும் மறைக்கத் தெரியாத பெண்.

இன்று உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். மாற்றுச் சான்றிதழின் ஜெராக்ஸ் மட்டும் கொண்டுவந்திருந்தார். அசல் வீட்டில் இருக்கிறதாம். நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன், இன்றைக்குப் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அசல் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

சாயங்காலம் முன்பணம் ஐம்பதாயிரம் தவமணியின் வங்கிக் கணக்கில் போட்டேன். இன்னொரு பார்ட்டியும் கேட்கிறதாம்.

ஜூன் 25, புதன்

நாளை பேசலாம்.

ஜூலை 4, வெள்ளி

மீதியையும் கொடுத்தாகிவிட்டது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம். கீழே "உரிமையாளருக்காக" என்று எழுதி தவமணி கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லில் என் கண் ஒரு நிமிடம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு, "திங்கக்கெழம பால் காய்ச்சிருங்கக்கா, அத விட்டா நல்ல நாள் இல்ல" என்றார். சாவியைக் கொடுத்தார். அட்டையை அவிழ்க்காமலே.

ஜூலை 7, திங்கள்

பால் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது என்று மதினி சந்தோஷப்பட்டார். அண்ணன் ஒரு குக்கர் வாங்கி வந்திருந்தார். கிளம்பும்போது மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ நான் வெரட்டி விட்ட மாதிரி நெனைக்காத" என்றார். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அந்த நேரம் எனக்கு யார் மீதும் எந்த வருத்தமும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

இலக்கியா கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள். நான் நடுக்கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். யாரும் வந்து ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்கவில்லை. ஆடுகள் இப்போது மூன்று.

ஜூலை 27, ஞாயிறு

தவமணி போன் செய்தார். ஒரு குடும்பம் வீடு பார்க்கிறது, ஏற்கெனவே குடியிருப்பவர் யாரிடமாவது பேச வேண்டும் என்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். எனக்கு அவர் செய்ததற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

செண்பகம் என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள்தான். இடுப்பில் ஒன்றரை வயது ஆண்குழந்தை. கணவன் மலேசியாவில் மூன்று வருடம் பரோட்டா போட்டுச் சேர்த்துக்கொண்டு வந்த பணமாம். அவன் கீழேயே பைக்கில் உட்கார்ந்திருந்தான், மேலே வரக் கூச்சம். வீட்டைச் சுற்றிப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்தாள். கெட்டிக்காரி. காபி கொடுத்தேன். குழந்தை என் மடியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றது.

நிறையக் கேட்டாள். ஆவணங்கள் பற்றி, ஓனர் பற்றி, மோட்டார் பற்றி. கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்னேன். போகும்போது, "உங்களப் பாத்தப்புறந்தான் நிம்மதியா இருக்குக்கா. படிச்சவுக, எல்லாம் விசாரிச்சுத்தான் வந்திருப்பீக" என்றாள்.

ஆடிப்பெருக்கு அன்று முன்பணம் கொடுப்பார்களாம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அண்ணன் மகன் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நிறையப் பேர் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். விளாங்குடியில் தனி வீடு என்று சொன்னேன். தனி வீடு என்று நான் சொன்ன விதத்தை இலக்கியா வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டிச் சிரித்தாள்.

செப்டம்பர் 3, புதன்

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. தவமணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 6, சனி

அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று வருகிறது. ஊருக்குப் போயிருப்பார். தெருமுனையில் இருந்து குழாய்க்காரரை நானே கூட்டி வந்தேன்.

செப்டம்பர் 13, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அழைப்பு மணி. வெளியே கைப்பையோடு ஒரு பெரியவர். ரயிலில் வந்த சட்டைக் கசங்கல். "தண்ணி கொஞ்சம் குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். குடித்துவிட்டு, என் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்து, "வெள்ளையே அடிக்கல போலருக்கே" என்றார்.

கணேசமூர்த்தி அவர்தான். வாடகை மூன்று மாதமாக வரவில்லை, தவமணி போனை எடுக்கவில்லை, அதனால் புறப்பட்டு வந்திருக்கிறார். நான் வாடகை இல்லையே, ஒத்தி என்றேன். அவருக்குப் புரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"நான் ஒத்திக்கே விடலியேம்மா. மாசம் பன்னெண்டாயிரம் வாடகைக்குத்தான் விடச் சொன்னேன். பேங்க் மேனேஜர் குடும்பம் இருக்குன்னான்."

இரண்டு வருடமாகத் தவமணி, முன்பு இருந்தவர்களிடமும் இப்படித்தான் மொத்தமாக வாங்கிக்கொண்டு, அதிலிருந்து மாதாமாதம் இவருக்கு வாடகை என்று அனுப்பியிருக்கிறான். புதிதாக வருபவர் பணத்தில் பழையவர் பணத்தைத் திருப்பியிருக்கிறான். அவனுக்கு அதிகாரம் கொடுத்து இவர் பத்திரம் என்று ஒன்று எழுதியதே இல்லை. சாவியை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு போன் பண்ணியிருந்தா ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிருக்குமேம்மா. அவன் என் நம்பரத் தரமாட்டேன்னுட்டானாக்கும்."

டம்ளரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"இப்பவாச்சும் எழுதிக்கங்க" என்று எண்ணைச் சொன்னார். நான் கைபேசியில் ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஆறாவது இலக்கத்தை அழுத்தியதுமே திரையில் வந்துவிட்டது, "ஓனர் புனே". அவர் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஏற்கனவே இருக்கேம்மா" என்றார். கோபமாக இல்லை. ஆச்சரியமாக.

இலக்கியா தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கணேசமூர்த்தி தெரிந்தவர் வீட்டில் தங்கியிருக்கிறார். காலையில் மறுபடி வந்தார். இதுவரை உள்ள பாக்கியை என்னிடம் கேட்க மாட்டாராம். அக்டோபர் முடிய இருந்துகொள்ளச் சொன்னார். அதற்கு மேல் இருப்பதென்றால் வாடகை தர வேண்டும். தன் மாத்திரைச் செலவே அந்த வாடகையில்தான் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு அவரே வெட்கப்பட்டார். என் சம்பளம் பத்தொன்பதாயிரம் என்றேன். இரண்டு பேரும் அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தோம்.

இலக்கியா நேற்றிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வருகிறாள். சாப்பிடும்போது கேட்டாள். "ஏம்மா பேசல?"

வேலை அதிகமாக இருந்தது என்றேன்.

"நான் பேசுறேன்னு சொன்னேன்ல."

"ஆமா."

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என் தட்டையும் சேர்த்து.

செப்டம்பர் 16, செவ்வாய்

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போனேன். முதல் ஆளாக இருப்பேன் என்று நினைத்தேன். வராண்டாவில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் கையில் அதே முத்திரைத்தாளோடு. எல்லாவற்றிலும் அந்த நல்ல கையெழுத்து. ஜெசிந்தா டீச்சரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை மன்னிச்சிருங்க. நான் மனசாரத்தான் சொன்னேன்" என்றார். தெரியும் டீச்சர் என்றேன். அவரை நம்ப வைத்ததும் அவருக்கு முன்பே தவமணி மூலம் ஒத்திக்குப் போயிருந்த ஒருவர்தானாம். ஒருவர் பேச்சை ஒருவர் நம்பி, வரிசையாக, எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம்.

எல்லோரும் என்று எழுதிவிட்டேன்.

செண்பகம் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் குடிபோன வீட்டுக்காரர் இன்னும் ஒரு வாரம்தான் தருவாராம். நான் பக்கத்தில் போகத் தயங்கினேன். அவளே நகர்ந்து இடம் கொடுத்தாள். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. எனக்கும் சேர்த்து அவளே வருத்தப்பட்டாள்.

"நீங்க என்னக்கா செய்வீங்க? ஓனர்னு சொல்லி உங்ககிட்ட போன்ல பேசுனவனும் அவன் செட்டப் பண்ண ஆளாத்தான் இருக்கும். குரல வச்சு யாருன்னு எப்பிடிக் கண்டுபிடிக்க?"

குழந்தை என் மடிக்குத் தாவியது. வாங்கிக்கொண்டேன்.

இன்றைக்கு நேரமாகிவிட்டது, நாளைக்கு வாருங்கள், ஒவ்வொருவரிடமும் தனியாக எழுதி வாங்குவோம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

செப்டம்பர் 17, புதன்

தனியாக இல்லை. ஒரே நீள மேசை. பெண் காவலர் ஒருவர் எழுதிக்கொண்டே போனார். எனக்கு அடுத்த நாற்காலியில் செண்பகம், அவள் முறைக்காகக் காத்துக்கொண்டு.

பெயர், வயது, வேலை. சான்றிதழ் சரிபார்ப்பு என்று சொன்னபோது அந்தக் காவலர் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. நல்ல பெண். பணம் எப்படிக் கொடுத்தீர்கள், யார் கணக்கில், யார் சாட்சி. பிறகு கேட்டார்.

"பணம் குடுக்குறதுக்கு முன்னாடி வீட்டு ஓனர்கிட்ட நேர்லயோ போன்லயோ பேசுனீங்களா?"

செண்பகம் குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்காக அவளே பதில் சொல்லத் தொடங்கினாள். "அக்கா பேசுனாங்க மேடம், ஜூலை மாசம் நான் கேட்டப்பவே..."

கையெழுத்துப் போட வேண்டிய தாள். பேசினேன் என்றால் எந்த எண்ணில், எந்தத் தேதியில் என்று கேட்பார்கள். அந்தப் பயம் இல்லாவிட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியவே வேண்டாம் என்று தோன்றுகிறது.

"பேசல" என்றேன்.

"நம்பர் இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் பேசல?"

புனேக்காரர் என்னோடு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிடுவார் என்று பயந்தேன். இதுதான் பதில். பதினோரு வருடமாக மற்றவர்களின் தாள்களைப் பார்த்துக் கேள்வி கேட்ட வாய்க்கு இது வரவில்லை. "வேலை அதிகமா இருந்துச்சு" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

செண்பகம் திரும்பி என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிய குழந்தையைத் தூக்கி, மறுபக்கத் தொடையில் உட்கார வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஏமாந்தவர்களுக்கென்று ஜெசிந்தா டீச்சர் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கியிருக்கிறார். வழக்கறிஞர், அடுத்த விசாரணைத் தேதி என்று ஏதாவது வரும். தவமணியின் ஸ்கூட்டர் மட்டும் ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் கிடைத்திருக்கிறது. முன்பெட்டியில் சாவிகள் அப்படியே இருந்தனவாம். செண்பகம் குழுவில் இருக்கிறாள். எதுவும் எழுதுவதில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஒரு வீடு பார்க்கப் போனேன். ஒரே அறை, மாத வாடகை. வீட்டம்மா கேட்பதற்கு முன் நானே சொன்னேன். பிரிந்துவிட்டோம், நானும் மகளும்தான், கறி சமைப்போம். அந்த அம்மாள் தலையாட்டினார். எதுவும் தடை சொல்லவில்லை. பிறகு நான் கேட்டேன். வரி ரசீதின் அசல், அவருடைய ஆதார், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் நேரில் ஒரு வார்த்தை. என் குரல் எனக்கே கல்லூரிக் கவுன்டரில் கேட்பது போலக் கேட்டது.

"எட்டுக்கு எட்டு ரூமுக்கு இம்புட்டு விசாரணையா? நீங்க என்ன போலீசா?" என்றார். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணன் வந்து சாமான்களைப் பார்த்துவிட்டுப் போனார். எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று. கூடத்தில் இரண்டு பேர் படுக்க இடமிருக்கிறது என்றார். மதினி போனில் பேசினார். "புதுப்பொண்ணு நல்ல புள்ளதான், ஒண்ணும் சொல்லாது" என்றார். ஒன்றும் சொல்லாத இன்னொரு ஆள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இலக்கியாவின் அறைக் கதவுக்குப் பின்னால் அவள் பென்சிலால் தன் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருந்தாள். ஜூலை 7, ஆகஸ்ட் 7, செப்டம்பர் 7. பதினாறு வயதில் இனி எவ்வளவு வளரப்போகிறாள்? மூன்று கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் இருந்தன. ரப்பர் எடுத்து அழித்தாள். கணேசமூர்த்தி சார் கோடு இருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றேன்.

"நம்ம வீடு இல்லல்லம்மா" என்றாள்.

அக்டோபர் 15, புதன்

சாவியைக் கொடுத்தேன். அட்டையோடு. கணேசமூர்த்தி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்ன கெடுவுக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறதே என்றார். தீபாவளிக்கு முன் போனால் அண்ணன் வீட்டில் பலகாரத்துக்கு ஒரு கை கூடுதலாக இருக்கும் என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மதிய இடைவேளையில் ஜெசிந்தா டீச்சர் பேசினார். செண்பகத்தின் கணவன் மறுபடி மலேசியாவுக்கே போகிறானாம், தீபாவளிக்கு மறுநாள். அவளும் குழந்தையும் மாமியார் வீட்டுக்கு. "நீங்க ஒரு வார்த்தை பேசுனீங்களா அவகிட்ட?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பேசுங்க. திட்டுனா திட்டிட்டுப் போறா" என்றார்.

கைபேசியை எடுத்தேன். அவள் பெயர் வரை போனேன். பெயருக்குப் பக்கத்தில் குழந்தையின் படம், கையில் பிஸ்கட்டோடு.

மணி ஒன்றரை. குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரம். துணைத் தேர்வு எழுதியவர்களின் சான்றிதழ்கள் வேறு வந்து குவிந்திருக்கின்றன. இன்று வேலை அதிகம். நாளை பேசலாம்.